டியூப்லைட் உபயம், கரண்ட் பில் யாருக்கு? நூலகங்களுக்கு வரும் அறக்கட்டளை நிதி பற்றி

நூலகத்துக்குக் காசில்லை என்று எங்காவது பேச்சு வந்தால் போதும், ஒருவர் சொல்வார்: "ஏதாவது ஃபவுண்டேஷனுக்கு எழுதிப் போடுங்க, கொடுத்துடுவாங்க." பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார்: "வெளிநாட்டுல லைப்ரரியெல்லாம் கோடீஸ்வரங்கதானே நடத்துறாங்க." நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் வெளிநாட்டிலும் பொது நூலகங்களை ஃபவுண்டேஷன்கள் பொதுவாகத் தங்கள் பணத்தில் அன்றாடம் நடத்துவதில்லை. அவை கொடுக்கும் பணம் எப்படிப்பட்டது, எதற்கு வரும், எதற்கு வராது என்பது புரியாமலேயே பாராட்டும் ஏமாற்றமும் நடக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள நிதித் துறைப் படிப்பெல்லாம் தேவையில்லை. கோயிலுக்குப் போன அனுபவம் இருந்தால் போதும்.

உபயமும் கட்டளையும்

கோயில் மண்டபத்தில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். "உபயம்" என்று போட்டு, கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், கடை எல்லாம் எழுதி, வெளிச்சம் வர இடமே இல்லாமல் செய்திருப்பார்கள். கேலி செய்யலாம், ஆனால் அந்த விளக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று. விளக்கு உபயதாரருடையது. அது எரிவதற்கான கரண்ட் பில்லைக் கட்டுவது கோயில்.

அதே கோயிலில் கட்டளை என்று இன்னொன்று உண்டு. ஒரு குடும்பம் நிலத்தையோ ஒரு தொகையையோ ஒப்படைத்து, "இதன் வருமானத்தில் ஆண்டுதோறும் ஐப்பசி அன்னாபிஷேகம் நடத்த வேண்டும்" என்று எழுதி வைக்கும். முதலைத் தொடக் கூடாது, வருமானத்தை வேறு செலவுக்குத் திருப்பவும் கூடாது. கொடுத்தவர் போன பிறகும் அவர் சொன்ன வேலை நடந்துகொண்டே இருக்கும்.

ஃபவுண்டேஷனுக்குத் தமிழில் அறக்கட்டளை என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். அறம் பாதி, கட்டளை பாதி. நாம் அறத்தை மட்டும் பார்த்து நெகிழ்கிறோம், கட்டளையைப் படிப்பதில்லை.

பெரிய அறக்கட்டளைகள் வேலை செய்வது கட்டளை முறையில்தான். முதலாகப் போட்டு வைத்திருக்கும் பெருந்தொகைக்கு மூலநிதி என்று பெயர். அதை முதலீடு செய்து, வரும் வருமானத்திலிருந்து கொடுப்பார்கள். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தங்கள் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் சுமார் 5 சதவீதத்தையாவது அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும் என்பது சட்டம். "அவ்வளவு கோடி வைத்துக்கொண்டு இவ்வளவுதானா கொடுக்கிறார்கள்?" என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

நம்மூரில் குழப்பம் கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே மூலநிதியே இல்லாமல், வசூல் செய்து செலவழிக்கும் அமைப்பும் தன்னை அறக்கட்டளை என்றுதான் சொல்லிக்கொள்ளும். அது கொடுக்கும் இடம் இல்லை, கேட்கும் இடம். பெயர்ப் பலகையை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

மானியம் இல்லை, நல்கை

இன்னொரு சொல்லையும் சரிசெய்துகொள்வோம். மானியம் என்றதும் நமக்குச் சமையல் கேஸ் நினைவுக்கு வருகிறது. விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்வது அது. நன்கொடை என்றால் கொடுத்ததோடு முடிந்தது, கணக்குக் கேட்க மாட்டார்கள். அறக்கட்டளை தருவது இரண்டும் இல்லை. குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, எழுத்துப்பூர்வமான நிபந்தனைகளுடன் தரப்படும், திருப்பிக் கட்ட வேண்டாத தொகை அது. அதைத்தான் நல்கை என்கிறோம். கடன் இல்லை. ஆனால் சொன்ன வேலையைச் செய்யாவிட்டால் அடுத்த தவணை வராது. சில சமயம் கொடுத்ததையே திருப்பிக் கேட்பார்கள்.

ஆக இதுவரை மூன்று விஷயம். அறக்கட்டளை மூலநிதியின் வருமானத்திலிருந்து கொடுக்கிறது. கொடுப்பது நல்கை. நல்கையில் தொகை ஒரு வரி என்றால் நிபந்தனை பத்து வரி.

கார்னகி செய்த கணக்கு

இதையெல்லாம் ஒரே ஆளின் கதையில் பார்க்கலாம். ஆண்ட்ரூ கார்னகி 1835இல் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் ஊரில் பிறந்தவர். 1848இல் குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனது. அங்கே வேலைக்குப் போகும் பையனாக இருந்தபோது, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் தன் சொந்தப் புத்தகங்களை உழைக்கும் சிறுவர்களுக்கு இரவல் கொடுத்தார். பின்னர் அந்தப் புத்தகங்களை வைத்து அமைந்த நூலகத்தில் தொழில் பழகுநர் அல்லாத பையன்களுக்கு ஆண்டுக்கு 2 டாலர் கட்டணம் என்றார்கள். கார்னகி பத்திரிகைக்குக் கடிதம் எழுதிச் சண்டை போட்டார். பிற்காலத்தில் அவர் போட்ட நிபந்தனைகளில் "கட்டணம் கூடாது" என்பது ஏன் இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

எஃகுத் தொழிலில் பெரும் பணக்காரரான பின் முதல் நூலகத்தைப் பிறந்த ஊருக்கே கொடுத்தார். 1883இல் அது திறந்தது. 1901இல் தொழிலையே 48 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, கொடுப்பதையே வேலையாக்கிக்கொண்டார். கடைசிக் கணக்கில் உலகம் முழுவதும் 2,509 நூலகக் கட்டடங்கள், செலவு சுமார் 5.6 கோடி டாலர். பெரும்பகுதி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும். ஆனால் தமிழர் வாழும் தூரத்துத் தீவுகளிலும் உண்டு: மொரீஷியஸின் கியூர்பிப்பில் ஒன்று, ஃபிஜியின் சுவாவில் ஒன்று.

இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அந்த எண்ணைவிட, ஊர்க்காரர்கள் நிரப்பிய படிவம்தான் முக்கியமாகத் தெரிகிறது.

ஓர் ஊருக்கு நூலகம் வேண்டும் என்றால் முதலில் கடிதம் எழுத வேண்டும். பதிலுக்குக் கார்னகியின் செயலர் ஜேம்ஸ் பெர்ட்ராம் கேள்வித்தாள் அனுப்புவார். மக்கள்தொகை எவ்வளவு? இப்போது நூலகம் இருக்கிறதா? சொந்த இடம் உண்டா? ஆண்டுக்கு எவ்வளவு வரிப்பணம் ஒதுக்குவீர்கள்? உருக்கமாக எழுதியவர்களுக்கும் இதே கேள்வித்தாள்தான். தொகையைப் பெரும்பாலும் தலைக்கு சுமார் 2 டாலர் என்ற கணக்கில் முடிவு செய்வார்கள். 5,000 பேர் ஊர் என்றால் 10,000 டாலர். அதை வாங்க ஊர் செய்ய வேண்டியது என்ன? இடத்தை ஊர் தர வேண்டும். வாசிப்பு இலவசமாக இருக்க வேண்டும். கட்டடச் செலவில் 10 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துவதற்கு ஒதுக்குவதாக ஊராட்சி தீர்மானம் போட வேண்டும். அதாவது அந்த ஊர் ஆண்டுக்கு 1,000 டாலர், காலத்துக்கும்.

இப்போது டியூப்லைட்டை நினைத்துப் பாருங்கள். கார்னகி கட்டடம் கொடுத்தார். புத்தகம் வாங்கப் பொதுவாகப் பணம் கொடுக்கவில்லை. நூலகர் சம்பளமும் விளக்கும் கணப்பும் ஊருடையவை. பத்தே ஆண்டில் ஊர் போட்ட பணம் கார்னகி போட்ட பணத்தைத் தொட்டுவிடும். அதன் பிறகு முழுக்க ஊருடைய செலவு. வாசலில் பெயர் மட்டும் பெரும்பாலும் அவருடையது.

இதைத் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூலகத்துக்காக வரி போடலாம் என்ற எண்ணமே இல்லாத எத்தனையோ சிற்றூர்களை அந்தப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது இந்த 10 சதவீதம்தான். கொடுப்பவரின் பணத்தோடு வாங்குபவரும் பங்கு போட வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டின் பெயர் இணைநிதி. இன்றைய நல்கைகளிலும் அதைப் பார்க்கலாம். பணமாக முடியாவிட்டால் இடமாக, ஆள் உழைப்பாகக் காட்டலாம் என்பார்கள்.

அப்புறம் அந்தப் பெர்ட்ராம் பற்றி ஒரு சின்ன விஷயம். கார்னகிக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தும் ஆசை இருந்தது. அதனால் கட்டடம் எப்படி அமைய வேண்டும் என்று 1911இல் பெர்ட்ராம் வெளியிட்ட வழிகாட்டியில், கட்டடம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலேயே ஓர் எழுத்தைக் குறைத்து அச்சடித்தார்கள். மாடம், கோபுரம் என்று ஆடம்பரமாக வரைபடம் அனுப்பிய ஊர்களுக்கு, நூலகத்துக்கு அதெல்லாம் எதற்கு என்ற தொனியில்தான் பதில் போகும். எழுத்திலும் சிக்கனம், செங்கல்லிலும் சிக்கனம்.

வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள்

1892இல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலைநிறுத்தம். நிறுவனம் வரவழைத்த தனியார் காவலர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மோதல் நடந்து உயிர்கள் போயின. கூலியைக் குறைத்து மிச்சம் பிடித்த காசில் நூலகமா என்ற கேள்வி அதன்பின் பல ஊர்களில் எழுந்தது. நாளைக்கு 12 மணி நேரம் உலையில் நிற்பவன் எப்போது படிப்பான் என்றும் கேட்டார்கள். 1901இல் டெட்ராய்ட் நகருக்கு 7,50,000 டாலர் தருவதாகச் சொன்னார். நகரம் அதை ஏற்க 1910 ஆகிவிட்டது. வேறு சில ஊர்கள் மறுத்ததற்குக் காரணம் இவ்வளவு கொள்கைப்பூர்வமானது இல்லை. வரி கட்ட மனமில்லை, அவ்வளவுதான்.

"அனைவருக்கும் இலவசம்" என்ற நிபந்தனையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை உள்ளே விடாத கார்னகி நூலகங்கள் இருந்தன. லூயிவில் போன்ற நகரங்களில் அவர்களுக்கென்று தனிக் கிளையை அதே கார்னகி பணத்தில் கட்டினார்கள். காகிதத்தில் இருக்கும் நிபந்தனை, அதைக் கேட்டு வாங்க ஆள் இருந்தால்தான் உயிர் பெறும்.

கட்டடம் நின்றது, ஆள் இல்லை

1911இல் கார்னகி தன் பணத்தில் பெரும்பகுதியை நியூயார்க்கின் கார்னகி கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளையின் மூலநிதியாக்கினார். அது இன்றும் நல்கை தருகிறது. சில ஆண்டுகளில் அந்த அமைப்புக்கே ஒரு சந்தேகம் வந்தது: கொடுத்த நூலகங்கள் உண்மையில் நடக்கின்றனவா? ஆல்வின் ஜான்சன் என்ற பொருளியல் அறிஞரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். அவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, 1916இல் அறிக்கை கொடுத்தார். கட்டடங்கள் இருக்கின்றன, பயிற்சி பெற்ற நூலகர்கள் போதவில்லை என்பது அதன் சாரம். பல ஊர்கள் அந்த 10 சதவீதத்தைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளாமல் உச்சவரம்பாக எடுத்துக்கொண்டிருந்தன. சில ஊர்கள் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

1917இல் புதிய கட்டட நல்கைகள் நின்றன. பிறகு நூலகப் பயிற்சிக்குப் பணம் போனது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1920களில் தொடங்கிய நூலகவியல் பள்ளி அப்படி வந்ததுதான்.

சுருக்கமாக: நல்கை ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும். தினசரி நடத்துவது வரிப்பணமோ கட்டணமோ வேறொரு நிலையான வரவோ. அந்த வரவு பலவீனமாக இருக்கும் இடத்தில் நல்கையால் வந்த கட்டடமே சுமையாகிவிடும்.

கட்டடமே இல்லாத நூலகச் சேவை

கட்டடத்துக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு இணையச் சேவைக்குப் பொருந்துமா? பொருந்தும், இன்னும் கறாராக.

ஆய்வு மாணவர்கள் பலருக்கு ஜேஸ்டோர் தெரிந்திருக்கும். பழைய ஆய்விதழ்களை முதல் இதழிலிருந்து ஸ்கேன் செய்து வைத்திருக்கும் தளம். அதன் தொடக்கம் ஓர் அலமாரிப் பிரச்சினை. அமெரிக்காவின் ஒஹாயோவில் டெனிசன் பல்கலைக்கழகத்தில் பழைய இதழ்களை வைக்க இடமில்லை, நூலகத்தை விரிவாக்க வேண்டும் என்றார்கள். அங்கே அறங்காவலராக இருந்த வில்லியம் போவன், அதே சமயம் மெலன் அறக்கட்டளையின் தலைவர். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதே பழைய இதழ்களுக்காகத் தனித்தனியாகக் கட்டடம் கட்டுவதைவிட, ஒருமுறை ஸ்கேன் செய்து எல்லோரும் பகிர்ந்துகொண்டால் என்ன என்று யோசித்தார். மெலன் அறக்கட்டளை பணம் போட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சில பொருளியல், வரலாற்று இதழ்களோடு சோதனை நடந்தது.

இங்கே முக்கியமான முடிவு பணம் கொடுத்ததில் இல்லை. 1995இல், திட்டம் நடை பழகும்போதே, அதைத் தனி இலாபநோக்கற்ற நிறுவனமாகப் பிரித்துவிட்டார்கள். நூலகங்கள் சேரும்போது ஒரு கட்டணம், அப்புறம் ஆண்டுதோறும் ஒரு கட்டணம் என்று வரவுக்கு வழி செய்தார்கள். ஒரு முயற்சி சொந்தக் காலில் நிற்கும்வரை தரப்படும் இப்படிப்பட்ட பணத்துக்குத் தொடக்க நிதி என்று பெயர். அறக்கட்டளைகள் மிகவும் விரும்பிக் கொடுப்பது இதைத்தான்.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. சந்தா கட்ட முடியாத கல்லூரியின் மாணவர் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. அறப்பணத்தில் பிறந்த சேவைக்கு ஏன் கட்டணம் என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சர்வருக்கும் ஊழியருக்கும் மாதாமாதம் யார் தருவது என்ற கேள்விக்கு அந்தக் கோபம் பதில் தருவதில்லை.

பில் கேட்ஸ் கணினிகள்

1997இல் கேட்ஸ் தம்பதியர் அமெரிக்கப் பொது நூலகங்களில் கணினியும் இணையமும் வைக்கத் தொடங்கினார்கள். பின்னர் சிலி போன்ற நாடுகளுக்கும் அது போனது. கார்னகிக்கு இல்லாத தொல்லை ஒன்று இவர்களுக்கு வந்தது. கல் கட்டடம் நூறு ஆண்டு நிற்கும், கணினி ஐந்து ஆண்டில் கிழடாகிவிடும். பழைய கணினிகளை மாற்றுவதற்கு மறுபடி நல்கை தர வேண்டியிருந்தது. அப்போது உள்ளூரும் பங்கு போட வேண்டும் என்றார்கள், அதே இணைநிதி. நூலகத் திட்டத்தை முடித்துக்கொள்ளப் போகிறோம் என்று 2014இல் முன்கூட்டியே அறிவித்து, 2018இல் விலகினார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அப்போது வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அறக்கட்டளை ஒருநாள் விலகும் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம்தான். நான்கு ஆண்டு அவகாசம் கொடுத்து விலகியது நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன்.

பெயரில் மட்டும் ஃபவுண்டேஷன்

சரி, நம் பக்கம் வருவோம். இந்திய நூலகர்களிடம் ஃபவுண்டேஷன் என்றால் பலர் உடனே சொல்வது ராஜா ராம்மோகன் ராய் நூலக ஃபவுண்டேஷன். 1972இல், ராம்மோகன் ராய் பிறந்த 200ஆவது ஆண்டில் தொடங்கியது. கொல்கத்தாவில் இருக்கிறது. ஆனால் இது எந்தச் செல்வந்தரின் மூலநிதியும் இல்லை. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்கும், அரசுப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு. மாநிலம் தன் பங்கைப் போட்டால் தன் பங்கைப் போடும் இணைநிதித் திட்டங்களும், அப்படி இல்லாத திட்டங்களும் அதில் உண்டு. முறை ஒன்றுபோல இருக்கலாம், பணம் மக்களுடைய வரி.

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களின் அன்றாட வரவோ இன்னும் வெளிப்படையானது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று தனியாக இருக்கும், சொத்துவரியில் 10 சதவீதம். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியில் வருவது அது. அந்தச் சட்டம் வர நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டு பாடுபட்டார். கார்னகி ஊர் ஊராகக் கெஞ்ச வைத்து வாங்கிய வாக்குறுதியை இங்கே சட்டமே எழுதி வைத்திருக்கிறது. வசூலான வரி முழுவதும் நூலகத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பது தனியாகச் சண்டை போட வேண்டிய விஷயம்.

அப்படியானால் இங்கே அறக்கட்டளை நல்கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஓரத்தில். காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் நோட்டீசுகளும் ஏறத்தாழ 1 லட்சம். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, நாட்டை விட்டு எடுத்துச் செல்லாமல், 1994இல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக அமைய வழிசெய்தது. பிற்காலத்தில் அந்நூலகம் செய்த பணிகளில் ஒன்று, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் பழைய அச்சு நூல்களைப் பாதுகாத்தது. அந்தத் திட்டத்துக்கு 2004 முதல் பணம் தருவது ஆர்கேடியா என்ற அறக்கட்டளை. அந்தத் திட்டத்தின் நிபந்தனை எனக்குப் பிடித்த ஒன்று: மூலப் பிரதி பிறந்த நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. படமெடுத்த பிரதி எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தேர்தலும் பட்ஜெட்டும் கண்டுகொள்ளாத இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் அறக்கட்டளைப் பணம் உண்மையில் பொருத்தமானது.

வெளிநாட்டுப் பணம் என்றால் இந்தியாவில் இன்னொரு நிபந்தனைக் கட்டும் உண்டு: வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். 2020இல் அதைத் திருத்தியபோது, இப்படி வரும் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். முன்பு அது 50. வாங்கியதை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவும் கூடாது. வாடகை, கணக்காளர் சம்பளம், கரண்ட் பில் என்று எந்தத் திட்டத்திலும் நேராகச் சேராமல், ஆனால் எல்லாத் திட்டத்துக்கும் தேவைப்படும் செலவை மறைமுகச் செலவு என்பார்கள். கொடுப்பவர்களுக்கும் அதைக் கண்டால் பிடிக்காது. ஸ்கேனர் வாங்கிக் கொடுப்பார்கள், அந்த ஸ்கேனர் இருக்கும் அறைக்கு வாடகை கொடுக்கத் தயங்குவார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் உங்கள் ஊர் நூலகத்துக்காக விண்ணப்பம் எழுத உட்கார்ந்தீர்கள் என்றால், படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கேள்வி இருக்கும்: "நல்கைக் காலம் முடிந்த பிறகு இப்பணி எவ்வாறு தொடரும்?" பெர்ட்ராம் கேட்ட அதே கேள்விதான். அதற்கு நாம் வழக்கமாக எழுதும் பதில், "வேறு அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பிப்போம்."